சட்டக் கல்லூரியில் படித்துக்கொண்டே ரமலானையும் ஜகாத்தையும் சரியாக நடத்துவது எப்படி?

2022 முதல் 2025 வரை சென்னைக்கு வெளியே ஒரு சட்டக் கல்லூரியில் மூன்றாண்டு எல்எல்பி படித்தேன். தங்கியது பெண்கள் விடுதி. வீடு கும்பகோணத்துக்குப் பக்கத்தில். இந்த மூன்று வருடங்களில் மூன்று ரமலான் வந்தது. முதல் ரமலானில் எல்லாமே தவறிப் போயிற்று. ஒப்பந்தச் சட்டப் பாடத்தில் வருகைப் பதிவு 66 சதவீதத்துக்கு இறங்கியது. வீட்டின் ஜகாத் கணக்கை, அதாவது சேமிப்பிலிருந்து வருடம்தோறும் கொடுக்கவேண்டிய கடமையான தர்மத்தின் கணக்கை, ரமலானின் இருபத்தேழாம் இரவில் உட்கார்ந்து அவசரமாகப் போட்டேன். கொடுத்த பணத்துக்கு உருப்படியான ரசீதுகூடக் கையில் இல்லை. மூன்றாவது ரமலானில்தான் எல்லாம் ஒழுங்குக்கு வந்தது. இப்போது சேர்ந்திருப்பவர்கள் அந்த இரண்டு வருட அலைச்சலைப் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரமலானில் செய்யவேண்டிய வேலை என்று நாம் நினைப்பதில் பாதிக்கு மேல் ரமலானுக்கு முந்தைய ஷஃபான் மாதத்திலேயே முடிக்கவேண்டியது. கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

1. மூன்று வருடத்துக்கும் சேர்த்து ஒரு காலண்டர் போடுங்கள்

பிறை ஆண்டு ஆங்கில ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவு. நான் படித்த காலத்தில் நோன்புப் பெருநாள் 2023இல் ஏப்ரல் 22, 2024இல் ஏப்ரல் 11, 2025இல் மார்ச் 31. மூன்றாண்டுப் படிப்புக்குள்ளேயே மூன்று வாரத்துக்கு மேல் முன்னால் நகர்ந்துவிட்டது. போன வருடம் தேர்வுக்கு நெருக்கத்தில் வந்த ரமலான் இந்த வருடம் உள்மதிப்பீட்டுத் தேர்வின் மேல் வந்து விழும். 2028இல் ரமலான் ஜனவரிக் கடைசியில் தொடங்கும். ஒற்றைப்படை செமஸ்டர் தேர்வு கொஞ்சம் தள்ளிப்போனால் அதோடு மோதும். அதனால் சீனியர் சொல்லும் அனுபவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், அவருடைய ரமலான் வேறு மாதத்தில் வந்திருக்கும்.

ஒரே தாளில் இவற்றை எழுதுங்கள்: ரமலானின் உத்தேசத் தொடக்கமும் முடிவும், உள்மதிப்பீட்டுத் தேர்வு, தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள், ரெக்கார்டு சமர்ப்பிக்கும் நாள், மார்ச் 31. மார்ச் 31 எதற்கு என்று 6ஆம் படியில் சொல்கிறேன்.

இறுதி ஆண்டு மாணவர்கள் மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்றம்) தாளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். சட்டக் கல்விக்கு விதி வகுக்கும் இந்திய பார் கவுன்சிலின் விதிப்படி அந்தத் தாளின் 100 மதிப்பெண்ணில் மூன்று மூட் கோர்ட்டுக்கு 30, ஒரு சிவில் ஒரு கிரிமினல் வழக்கு விசாரணையை நேரில் கவனித்து எழுதுவதற்கு 30, கட்சிக்காரர் சந்திப்பும் வழக்குத் தயாரிப்பும் எழுதும் குறிப்பேட்டுக்கு 30, வாய்மொழித் தேர்வுக்கு 10. நீதிமன்றத்தில் வெயிலில் நடந்து, வராண்டாவில் காத்திருந்து செய்யும் வேலை இது. நோன்போடு செய்யமுடியாது என்றில்லை. ஆனால் தண்ணீர்கூடக் குடிக்காமல் மூன்று மணிவரை நிற்கும் நாட்களைக் குறைத்துக்கொள்ளலாம். விசாரணையைக் கவனிக்கும் வேலையை ரமலானுக்கு முன்பே முடித்துவிடுங்கள். பெருநாளுக்குப் பிறகு என்று வைத்துக்கொண்டால் மே மாதத்தில் கோடை விடுமுறை வந்துவிடும்.

2. வருகைப் பதிவை மணிக்கணக்காகக் கணக்கிடுங்கள்

என்னுடைய பெரிய தவறு இங்கேதான் நடந்தது. மொத்தத்தில் 70 சதவீதம் இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளில் 12ஆம் விதியை எடுத்துப் படியுங்கள். ஒவ்வொரு பாடத்திலும் தனித்தனியாக 70 சதவீதம் கேட்கிறது. தவிர்க்கமுடியாத காரணம் இருந்தால், அந்தப் பாடத்தில் குறைந்தது 65 சதவீதமும் எல்லாப் பாடங்களும் சேர்ந்து 70 சதவீதமும் இருக்கிறவரை கல்லூரி முதல்வர் தேர்வெழுத அனுமதிக்கலாம். அனுமதிக்கலாம் என்றுதான் விதி சொல்கிறது. அனுமதித்தே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. எனக்கு 66 இருந்ததால் தப்பித்தேன்.

கணக்கு இப்படி. ஒரு செமஸ்டர் 15 வாரம், ஒரு பாடத்துக்கு வாரம் 5 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 75 மணி. அதில் 70 சதவீதத்துக்கு 53 மணி வேண்டும். ஆக, தவறவிடக் கூடியது 22 மணி நேரம்தான். ரமலானின் நான்கு வாரமும் ஊரில் இருந்தால் 20 மணி போய்விடும். மீதி இரண்டு மணி நேரத்தில் காய்ச்சலும் வரக்கூடாது, வீட்டில் கல்யாணமும் வரக்கூடாது. கடைசிப் பத்து நாளுக்கு மட்டும் போனால், பெருநாளையும் சேர்த்து இரண்டு வாரத்தில் 10 மணி போகும். அது தாங்கும்.

இங்கே மூன்று இடத்தில் வழுக்கும்.

வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்குப் போகும் மாணவர்களுக்கு மதிய வகுப்பு ஒன்று வாராவாரம் போனால் 15 வாரத்தில் 15 மணி. அது ஒரே பாடத்தின் வகுப்பாக இருந்தால் அந்தப் பாடத்தில் மிச்சம் 7 மணிதான். கால அட்டவணை வந்த முதல் வாரமே அந்த நேரத்தில் எந்தப் பாடம் இருக்கிறது என்று பாருங்கள். வகுப்பு ஆசிரியரிடம் பேசி நேரத்தை மாற்றிக் கேளுங்கள். செமஸ்டரின் தொடக்கத்தில் கேட்டால் நடக்கும். நடுவில் கேட்டால் நடக்காது.

விடுப்புக் கடிதம். கடிதம் கொடுத்துவிட்டால் வருகை கிடைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். விடுப்பு அனுமதி வேறு, வருகை வேறு. கடிதம் கொடுத்தாலும் அந்த மணி நேரம் கழிந்ததுதான். ஆனாலும் கொடுங்கள். 65 சதவீதச் சலுகை கேட்கும் நாளில் அது ஓர் ஆவணம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவச் சான்றிதழ். நோயில்லாமல் சான்றிதழ் வாங்கித் தர ஆள் இருப்பார்கள். நோன்பு வைத்துக்கொண்டு பொய்ச் சான்றிதழ் கொடுப்பதில் என்ன இருக்கிறது? நாளைக்கு வக்கீலாகப் பதிவு செய்யப் போகிறவர்கள் நாம். வேண்டாம்.

3. பயணச்சீட்டு

ரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. அதாவது ரமலான் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே, ஷஃபான் தொடக்கத்தில், பெருநாளுக்கான முன்பதிவு திறந்துவிடும். சிக்கல் என்னவென்றால் பெருநாள் எந்த நாள் என்பது 29ஆம் நோன்பு மாலைதான் தெரியும். நான் கண்ட வழி: போவதற்கு 25ஆம் நோன்பை ஒட்டி ஒரு சீட்டு, திரும்புவதற்குப் பெருநாள் பிந்தி வந்தால் என்ன தேதியோ அதிலிருந்து இரண்டு நாள் கழித்து ஒரு சீட்டு. பெருநாள் ஒரு நாள் முந்தி வந்தாலும் நஷ்டமில்லை, வீட்டில் இன்னொரு நாள் கிடைக்கும். பெருநாள் இரவே கிளம்பிவிடலாம் என்று கணக்குப் போட்டால், பிறை ஒரு நாள் தள்ளினால் பெருநாளன்று காலையில் ரயிலில் உட்கார்ந்திருப்பீர்கள்.

4. விடுதியில் சஹர்

இதற்கு அதிகம் சொல்லவேண்டியதில்லை. சஹர், அதாவது நோன்பு வைக்க விடியலுக்கு முன் சாப்பிடும் நேரம், சென்னைப் பக்கம் மார்ச் மாதத்தில் காலை ஐந்து மணியளவில் முடியும். நோன்பு திறப்பது மாலை ஆறேகாலை ஒட்டி. விடுதி மெஸ் நான்கு மணிக்குத் திறக்காது. ஷஃபானிலேயே நோன்பு வைப்பவர்கள் சேர்ந்து காப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள்: இரவுச் சோற்றை எடுத்து வைக்க அனுமதி, நான்கு மணிக்கு வெந்நீர், பகல் சாப்பாட்டுக் கணக்கைக் கழிக்க முடியுமா என்பது. ஆண் மாணவர்களுக்குச் சென்னையில் பல பள்ளிவாசல்களில் சஹர் கிடைக்கும். பெண்களுக்கு அந்த வசதி குறைவு. எங்கள் அறையில் அவல், வாழைப்பழம், பேரீச்சம்பழம், அவித்த முட்டை இவைதான் முப்பது நாளும்.

படிக்கும் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். சஹருக்குப் பிறகு ஐந்தரையிலிருந்து ஏழரைவரை எனக்குத் தலை தெளிவாக இருந்தது. தீர்ப்புகளை அப்போது படித்தேன். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் புதிதாக எதையும் மனத்தில் ஏற்றமுடியாது. ரெக்கார்டு எழுதுவது, படி எடுப்பது போன்ற கைவேலைக்கு அந்த நேரம். தராவீஹ் எனும் ரமலான் இரவுத் தொழுகைக்குப் பிறகு படிப்பதாகத் திட்டம் போட்டவர்கள் யாரும் இரண்டாவது வாரத்தைத் தாண்டியதை நான் பார்த்ததில்லை.

5. ஜகாத் கணக்கை ஷஃபானில் முடியுங்கள்

சட்டம் படிக்கிற பிள்ளை என்றதும் வீட்டின் கணக்கு நோட்டு நம் கைக்கு வந்துவிடும். அத்தா (அப்பா) என்னிடம் தந்ததும் அப்படித்தான். சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் இருபத்தேழாம் இரவில் அதைத் திறக்காதீர்கள். அன்றைக்கு வாசலில் ஆள் நிற்கும்போது கணக்கும் தப்பும், கொடுப்பதும் தப்பும்.

முதலில், ஆளுக்கு ஒரு கணக்கு. வீட்டுக்கு ஒரு கணக்கு அல்ல. எல்லார் வீட்டிலும் நடக்கிற தவறு இதுதான். அம்மாவின் நகை அம்மாவின் சொத்து, அத்தாவின் வைப்புத்தொகை அத்தாவுடையது, அக்காவின் நகை அக்காவுடையது. ஜகாத் கடமையாகும் அளவான நிஸாபை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பார்க்கவேண்டும். தங்கத்துக்கு 85 கிராம் என்று பலர் எடுக்கிறார்கள். நம் ஊரில் பேச்சுவழக்கில் 11 பவுன் என்பார்கள். வெள்ளிக்கு 595 கிராம், சிலர் 612 கிராம் என்று எடுப்பார்கள். ரொக்கத்துக்குத் தங்கத்தின் நிஸாபா, வெள்ளியின் நிஸாபா என்பதில் பெரிய வித்தியாசம் வரும். உங்கள் ஜமாஅத்தின் (பள்ளிவாசல் அமைப்பின்) ஆலிமிடம், அதாவது மார்க்க அறிஞரிடம், கேட்டு, அவர் சொன்னதை நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். வருடத்துக்கு ஓர் அளவை மாற்றிக்கொண்டிருக்கக் கூடாது.

அணியும் நகைக்கு ஜகாத் உண்டா என்ற கேள்வியும் இதே மாதிரிதான். மார்க்கச் சட்டத்தை விளக்கும் வழிகளில் (மத்ஹபுகளில்) ஹனஃபி வழியில் உண்டு. ஷாஃபி வழியில் வழக்கமாக அணியும் அளவான நகைக்கு இல்லை. தமிழ்நாட்டில் இரண்டு வழியினரும் இருக்கிறார்கள். தோழியின் வீட்டுக் கணக்கைப் பார்த்து உங்கள் வீட்டுக் கணக்கைப் போடாதீர்கள்.

எழுதவேண்டியவை: கையிருப்பு, வங்கியிருப்பு, வைப்புத்தொகை, தங்கம், வெள்ளி, கடைச் சரக்கு, திரும்பி வரும் என்று நம்பிக்கையுள்ள கடன். கழிப்பது: இப்போது கொடுக்கவேண்டிய கடன். குடியிருக்கும் வீடு, ஓட்டும் வண்டி, படிக்கும் புத்தகம் இவை கணக்கில் வராது. கல்விக்கடன் இருந்தால் முழுவதையும் கழிப்பதா, இந்த வருடத் தவணையை மட்டுமா என்பதை ஆலிமிடம் கேளுங்கள். இரண்டு கருத்து உண்டு.

ஓர் உதாரணம். அத்தாவிடம் ரொக்கமும் வைப்புத்தொகையும் சேர்ந்து 3,20,000 ரூபாய், கொடுக்கவேண்டிய கடன் 40,000 ரூபாய். மீதி 2,80,000. அது நிஸாபைத் தாண்டியிருந்து, ஒரு பிறை ஆண்டு கையில் இருந்திருந்தால் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது இரண்டரை சதவீதம், 7,000 ரூபாய். அம்மாவிடம் 15 பவுன் இருந்தால் 120 கிராம். அதில் நாற்பதில் ஒரு பங்கு 3 கிராம். கொடுக்கும் நாளில் 3 கிராம் தங்கத்தின் விலையைக் கொடுத்தால் போதும். விலை போடும்போது செய்கூலி, சேதாரத்தைச் சேர்க்காதீர்கள். 22 காரட் நகைக்கு 24 காரட் விலையும் போடாதீர்கள். நகைக்கடை ரசீதுகள் இருந்தால் எடை தெரியும். இல்லாவிட்டால் ஷஃபானில் ஒரு நாள் நகையை எடுத்துப்போய் எடைபோட்டு வந்துவிடுங்கள். லாக்கரில் இருந்தால் வங்கி வேலைநாளில்தான் எடுக்கமுடியும். முதல் வருடம் நாங்கள் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

மாணவர்களே, உங்கள் பெயரில் உள்ள சேமிப்பையும் பாருங்கள். படிப்பு முடிந்ததும் வரும் செலவுக்கென்று நான் சேர்த்து வைத்திருந்தேன். வக்கீலாகப் பதிவு செய்யப் பொதுப்பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேலும், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேலும் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 30 அன்று தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் அகில இந்திய வழக்கறிஞர் தேர்வுக் கட்டணம், அங்கி, கோட்டு, புத்தகம் என்று தனிச் செலவுகள் உண்டு. அதற்கென்று ஒதுக்கிய பணமானாலும் நிஸாபைத் தாண்டி ஒரு வருடம் இருந்தால் கணக்கில் வரும்.

ஃபித்ரா எனும் பெருநாள் தர்மம் தனி. அது பெருநாள் தொழுகைக்கு முன் போய்ச் சேரவேண்டும். ஆளுக்கு எவ்வளவு என்று ஜமாஅத்தே அறிவிக்கும். விடுதியில் இருக்கும் உங்களுக்கும் சேர்த்து அத்தா கொடுப்பார். பெருநாளுக்கு ஊருக்குப் போகமுடியாதவர்கள், வீட்டில் தங்கள் பெயருக்கும் கொடுத்துவிட்டார்களா என்று முந்தின நாளே போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

6. யாருக்குக் கொடுப்பது, என்ன ஆவணம் வாங்குவது

ஜகாத் பெறத் தகுந்தவர்கள் எட்டு வகையினர் என்று குர்ஆன் (9:60) வரையறுத்திருக்கிறது. பெற்றோர், பாட்டன் பாட்டி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், இவர்களுக்கு நம் ஜகாத்தைத் தரமுடியாது, அவர்களைப் பார்த்துக்கொள்வது ஏற்கெனவே நம் கடமை. உடன்பிறந்தவர்கள், மாமா, மாமி, ஒன்றுவிட்ட சொந்தங்கள் தேவையுள்ளவர்களாக இருந்தால் தரலாம். அவர்களிலிருந்தே தொடங்குங்கள். வீட்டுவேலைக்கு வரும் பெண்ணுக்கு, அவர் தகுதியுள்ளவராக இருந்தால், தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் சம்பளத்துக்கோ பெருநாள் போனஸுக்கோ பதிலாக அதைக் கொடுக்கக் கூடாது. மற்ற மதத்துப் பக்கத்து வீட்டாருக்கும் வகுப்புத் தோழர்களுக்கும் ஜகாத்துக்கு வெளியே, நாமாக விரும்பிக் கொடுக்கும் தர்மமான சதகாவிலிருந்து உதவலாம். என்னோடு படித்த ஒரு பெண்ணுக்குத் தேர்வுக் கட்டணம் கட்ட வழியில்லை என்று தெரிந்தபோது மூன்று பேர் சேர்ந்து கட்டினோம். யார் கட்டியது என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. அப்படியே இருக்கட்டும்.

தனி ஆளுக்குக் கொடுப்பதற்கு ரசீது தேவையில்லை. நோட்டில் தேதியும் தொகையும் போதும், பெயரை எழுதவேண்டாம். அறக்கட்டளைக்குக் கொடுக்கும்போதுதான் காகித வேலை வரும். நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு தரும் பிரிவு 80ஜி. 80ஜி வரிவிலக்கு என்று எழுதிய துண்டறிக்கையை நம்பி ஒரு தடவை வீட்டுப் பணத்தைக் கொடுத்துவிட்டு நான் கற்றுக்கொண்டவை இவை:

புதிய வரி முறையில் 80ஜி கழிவு கிடையாது. 2023-24 நிதியாண்டிலிருந்து புதிய முறைதான் தானாக வரும். அத்தா எந்த முறையில் கணக்குத் தாக்கல் செய்கிறார் என்பதை முதலில் கேளுங்கள். வருமானமே இல்லாத அம்மாவின் பெயரில் ரசீது வாங்கியும் பயனில்லை.

2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. அரிசி மூட்டை, சேலை, புத்தகம் என்று பொருளாகக் கொடுத்தாலும் இல்லை.

ஒரு குறிப்பிட்ட மதச் சமூகத்தின் நலனுக்காக மட்டும் என்று அமைந்த அறக்கட்டளைக்கு 80ஜி பொதுவாகப் பொருந்தாது. ஜமாஅத்தின் பொதுநிதியான பைத்துல்மாலுக்குக் கொடுத்த ஜகாத்துக்கு வரிக்கழிவை எதிர்பார்க்காதீர்கள் என்று அதற்கு அர்த்தம். பைத்துல்மாலுக்குக் கொடுப்பதை இதற்காக நிறுத்தவும் வேண்டாம். வரிக்காக ஜகாத்தின் திசையை மாற்றுவது தலைகீழான வேலை.

கையால் எழுதிய ரசீது மட்டும் போதாது. 2021-22 நிதியாண்டிலிருந்து அறக்கட்டளை உங்கள் பான் எண்ணோடு கணக்கைத் தாக்கல் செய்து 10பிஇ என்ற சான்றிதழ் தரவேண்டும். நிதியாண்டு முடிந்தபின் மே 31க்குள் அவர்கள் செய்யும் வேலை அது. கொடுக்கும்போதே பான் எண்ணைக் கேட்காத இடத்திலிருந்து அந்தச் சான்றிதழ் வராது. எங்களுக்கும் வரவில்லை. இன்னொன்று, 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறை என்பதால் 80ஜி என்ற பழைய பிரிவு எண்ணும் மாறுகிறது.

மார்ச் 31. 2025இல் பெருநாளே அன்றுதான் வந்தது. பெருநாள் கழித்து நிதானமாக அனுப்பலாம் என்று ஏப்ரல் 1ஆம் தேதி அனுப்பினால் அது அடுத்த நிதியாண்டுக்குப் போய்விடும். ரமலான் மார்ச்சைச் சுற்றி வரும் வருடங்களில் இதைக் கவனியுங்கள்.

அப்புறம், வசூல். விடுதியில் நல்ல எண்ணத்தோடு யாராவது தொடங்குவார்கள்: என் யுபிஐக்கு அனுப்புங்கள், நான் சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன் என்று. செய்யாதீர்கள். உறவினரல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் இலவசமாக வந்த பணம் உங்கள் வருமானமாகப் பார்க்கப்படலாம். அது உங்களுடையதல்ல, பிறர் நம்பி ஒப்படைத்த அமானிதம் என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். நேராக ஜமாஅத் கணக்குக்கோ அறக்கட்டளைக் கணக்குக்கோ அனுப்பச் சொல்லுங்கள். வளைகுடாவில் இருக்கும் அண்ணன் இந்தியக் குடிமகனாக இருந்து தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே சொந்தம் வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால், எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாத அறக்கட்டளை அவர் பணத்தை வாங்கக் கூடாது. அனுப்பும் முன் பாஸ்போர்ட் எந்த நாடு என்று கேட்டுவிடுங்கள்.

7. பணம் இல்லாத மாணவர் என்ன கொடுக்கலாம்?

இந்தப் பகுதியை எழுதத்தான் எனக்கு ஆசை அதிகம். ரமலானில் வீட்டு வாசலுக்கு வருகிற பெண்களில் பலருக்கு 500 ரூபாயைவிட ஒரு விண்ணப்பம் பெரிய உதவி. இரண்டாம் வருடம் நன்னி (பாட்டி) வீட்டுக்கு வந்த ஓர் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தபோது, கணவர் இறந்து எட்டு மாதம் ஆகியும் இறப்புப் பதிவே செய்யவில்லை என்று தெரிந்தது. 21 நாளுக்குள் என்றால் கட்டணமில்லாமல் பதியலாம். ஒரு வருடம் தாண்டிவிட்டால் மாஜிஸ்திரேட் உத்தரவுவரை போகவேண்டும். அவருக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. தாமதக் கட்டணத்தோடு பதிவு செய்து, சான்றிதழ் வாங்கி, ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகத்தோடு விதவை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தோம். நான் செலவழித்தது ஊரில் இருந்த நாட்களில் நான்கு காலைப்பொழுது.

கணவன் கைவிட்டவர்களும் வருவார்கள். விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் குற்ற விசாரணை முறைச் சட்டம் 125ஆவது பிரிவின்கீழ் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 10 அன்று சொல்லியிருக்கிறது. இப்போது அது புதிய சட்டத்தில் 144ஆவது பிரிவு. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவில், வருமான வரம்பு பார்க்காமலே பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. இந்த இரண்டு வாக்கியம் தெரியாமல் வருடக்கணக்காக வாசல் வாசலாகப் போகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வேலை அவர்களை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கோ வட்டக் குழுவுக்கோ கூட்டிப்போவது. இலவச சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100. வழக்கு நிற்குமா, எவ்வளவு கிடைக்கும் என்றெல்லாம் நீங்கள் உறுதி சொல்லாதீர்கள், நாம் இன்னும் வக்கீல் இல்லை. பணமும் வாங்காதீர்கள், பஸ் செலவுக்குக்கூட.

இறுதி ஆண்டுக்காரர்களுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. மூட் கோர்ட் தாளுக்கு இரண்டு கட்சிக்காரர் சந்திப்புகளைக் கவனித்து எழுதவேண்டும், அதைச் சட்ட உதவி அலுவலகத்திலேயே செய்யலாம். ஆசிரியரிடம் முன்கூட்டி அனுமதி வாங்கி, அங்கேயே கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். வந்தவரின் பெயரைக் குறிப்பேட்டில் எழுதாதீர்கள்.

புத்தகம் கொடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம், குற்ற விசாரணை முறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றும் மாறிவிட்டன. பழைய புத்தகத்தை முதல் வருடப் பிள்ளைக்குத் தானமாகக் கொடுத்தால் அவர் பழைய பிரிவு எண்ணைப் படித்துவிட்டுத் தேர்வுக்குப் போவார். உரிமையியல் நடைமுறைச் சட்டம், சொத்து மாற்றச் சட்டம், ஒப்பந்தச் சட்டம் இவற்றைக் கொடுங்கள்.

8. ஊரில் இருக்கும் நாட்களும் பெருநாளுக்குப் பிறகும்

ஊரில் இருக்கும் நாட்களில் புத்தகத்தை மூடிவையுங்கள் என்று சொல்லமாட்டேன், முழுநாளும் திறந்து வைத்திருக்கவும் சொல்லமாட்டேன். சஹருக்குப் பிந்திய இரண்டு மணி நேரம் போதும். அம்மா கஞ்சி காய்ச்சும்போது பக்கத்தில் நின்று, வாளியில் ஊற்றித் தெருவில் நான்கு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். அந்த நேரத்தில் கையில் குறிப்பு வைத்துக்கொண்டிருந்தால் இரண்டும் நடக்காது.

விடுபட்ட நோன்புகள் இருக்கும் பெண்கள், தேர்வு அட்டவணை வந்ததும் தேர்வுக்குப் பிந்திய வாரங்களில் அவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ரமலான்வரை என்று தள்ளினால் அது மறுபடி ஒரு செமஸ்டர் தேர்வில் போய் முட்டும்.

விடுதிக்குத் திரும்பும் முன் ஒரே ஒரு வேலை பாக்கி. ஜகாத் நோட்டில் ஒரு புதுப் பக்கம்: இந்த வருடம் கணக்கிட்ட பிறைத் தேதி, அன்றைய நிஸாப் அளவு, ஆளுக்கு ஆள் தொகை, எடைபோட்ட சீட்டு, ஆலிம் சொன்ன பதில்கள், வரவேண்டிய 10பிஇ சான்றிதழ்கள். அதைப் படம் எடுத்து உங்கள் போனில் வைத்துக்கொண்டு, நோட்டை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அது அரிசி டின்னுக்கு மேல் உள்ள அலமாரியில் இருக்கிறது. இப்போது தங்கை கல்லூரியில் சேர்ந்திருப்பதால், அடுத்த ஷஃபானில் அதை எடுத்துக் கணக்குப் போடப்போவது அவள்தான்.